‘தி டிப்பிங் பாயிண்ட்’: பதினேழு ஆண்டுக் காத்திருப்புக்குத் தகுந்த ஆல்பம்தானா?

பின்னிரவு வானொலி எழுதியது:

டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழுவின் ‘தி டிப்பிங் பாயிண்ட்’ 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்தபோது, இரண்டு முறை கேட்டுவிட்டு, “பரவாயில்லை, இந்த வயதிலும் நன்றாகவே பாடுகிறார்கள்” என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் தீர்ப்பு அவசரத்தில் சொன்னது என்று இப்போது தோன்றுவதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். கடந்த மாதம் ஓர் இரவுப் பேருந்தில் உறக்கம் பிடிக்காமல், பத்துப் பாடல்களையும் வரிசை மாற்றாமல் கேட்டேன். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன்.

பின்னணி அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பாத் நகரில் பதின்ம வயதில் நண்பர்களான ரோலண்ட் ஒர்ஸபால், கர்ட் ஸ்மித் ஆகிய இருவர்தாம் இந்தக் குழுவின் உயிர். 1983-இல் ‘தி ஹர்ட்டிங்’, 1985-இல் உலகத்தையே புரட்டிப் போட்ட ‘சாங்ஸ் ஃப்ரம் தி பிக் சேர்’, 1989-இல் ‘தி சீட்ஸ் ஆஃப் லவ்’ என்று மூன்றே ஆல்பங்களில் உச்சிக்குப் போனார்கள். பிறகு ஸ்மித் விலகினார். ஒர்ஸபால் அதே பெயரில் தனியாக இரண்டு ஆல்பங்களைச் செய்தார். மனத்தாங்கல் தீர்ந்து இருவரும் சேர்ந்து 2004-இல் ஓர் ஆல்பம் கொடுத்தார்கள். அடுத்ததுதான் இது.

இடைப்பட்ட காலத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் கதையின் சுவையான பகுதி. இன்றைய சந்தைக்கு ஏற்ற பாடல்களைச் செய்யவேண்டும் என்ற யோசனையில், இளம் பாடலாசிரியர்கள் பலரோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார்கள். பெண் பார்க்கும் படலம்போல் ஒருவர் மாற்றி ஒருவராக வந்து போன அந்த ஏற்பாடு இருவருக்கும் கசந்து, ஸ்மித் மீண்டும் விலகிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போயிற்று. 2020-இன் தொடக்கத்தில், வேறு எவரும் இல்லாமல், இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார்களோடு இருவர் மட்டும் அமர்ந்தபோது பிறந்த பாடல் ‘நோ ஸ்மால் திங்’. ஆல்பம் அதில்தான் தொடங்குகிறது. ஒற்றைக் கிட்டாரும் ஒர்ஸபாலின் குரலுமாக, நாட்டுப்புறக் கதைப்பாடல்போல் தொடங்கி, கடைசி ஒரு நிமிடத்தில் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகிற அந்தப் பாடலை முதல் பாடலாக வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

என் கருத்து இதுதான். ஒருவருடைய வலியை மற்றவர் எடுத்துப் பாடும் இடங்களில் இந்த ஆல்பம் அவர்களுடைய பழைய உயரத்தைத் தொடுகிறது. அவரவர் பாடலை அவரவர் பாடும் இடங்களில் சில நேரம் தடுமாறுகிறது. நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கறார்க் காது எழுதியது:

நண்பர் பின்னிரவு வானொலிக்கு வணக்கம். முதல் பாடலைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் ஆல்பம் முழுவதையும் அந்த ஒரு பாடலின் தோளில் ஏற்றி உட்கார வைத்துவிட்டீர்கள் என்பது என் புகார்.

இரண்டு கிட்டார்களோடு உட்கார்ந்தோம், உண்மை பிறந்தது என்ற கதை கேட்பதற்கு அழகாக இருக்கிறது. அப்படியானால் ‘மை டீமன்ஸ்’ எங்கிருந்து வந்தது? மின்னணுத் தாளமும் முறுக்கேற்றிய குரலுமாக ஓடும் அந்தப் பாடலில், எந்தச் சந்தைக்காக எழுதிக் கசந்துபோனதாகச் சொல்கிறார்களோ, அதே சந்தையின் வாசனைதான் எனக்கு அடிக்கிறது. ஆல்பத்தில் தயாரிப்பாளராகவும் பாடலாசிரியராகவும் இருக்கும் சாச்சா ஸ்கார்பெக், ஜேம்ஸ் பிளன்ட்டின் ‘யூ ஆர் பியூட்டிஃபுல்’, மைலி சைரஸின் ‘ரெக்கிங் பால்’ ஆகியவற்றை எழுதியவர்களில் ஒருவர். அவர் திறமைசாலி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘மாஸ்டர் பிளான்’, ‘எண்ட் ஆஃப் நைட்’ இரண்டையும் கேட்கும்போது, பல்லவி எந்த விநாடியில் வந்து விழவேண்டும் என்று யாரோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல் இருக்கிறது. இவர்களுடைய பழைய ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ பாடலில் பல்லவிக்காக நாம் காத்திருந்ததை நினைத்துப் பாருங்கள். அந்தக் காத்திருப்பு இங்கே கிடையாது.

ஐந்து பாடல்கள் அருமை, மூன்று பாடல்கள் சுமார், இரண்டைத் தவிர்த்திருக்கலாம். பதினேழு ஆண்டுக்கு இந்த விளைச்சல் போதுமா என்றால், போதாது என்பேன்.

ஒலிப்பேழை எழுதியது:

பாடல்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். ஏனென்றால் கறார்க் காது சொல்லும் குறைகளில் பாதி, பாடலின் குறையல்ல, ஒலியின் குறை என்று நான் நினைக்கிறேன்.

நாம் பெரும்பாலும் கேட்கும் ஸ்டீரியோ பதிப்பில், என் காதுக்கு, எல்லாமே ஒரே உயரத்துக்கு அழுத்தப்பட்டிருக்கிறது. ‘நோ ஸ்மால் திங்’ தொடக்கத்தில் கிட்டார் தந்தியில் விரல் உராயும் ஓசைக்கும், இறுதியில் வரும் பெருமுழக்கத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய தூரம் குறைந்துவிட்டதால், ஏறும்போது மலை ஏறிய களைப்பு நமக்கு வருவதில்லை. படிக்கட்டு ஏறியதுபோல் முடிந்துவிடுகிறது. இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செய்த சரவுண்ட் பதிப்பு, அதாவது நம்மைச் சுற்றிலும் ஸ்பீக்கர்கள் வைத்துக் கேட்கும் பதிப்பு, புளூ-ரே வட்டாக வந்தது. அவர் இதே குழுவின் 1985 ஆல்பத்தையும் 1989 ஆல்பத்தையும் சரவுண்டுக்கு மாற்றிக் கொடுத்தவர். அவர்களுடைய ஒலி எப்படி அடுக்கப்படுகிறது என்பது அவருக்கு அத்துப்படி. அந்தப் பதிப்பில் ‘ரிவர்ஸ் ஆஃப் மெர்சி’யைக் கேட்டபோது, பின்னணியில் வரும் பெண் குரல் முதன்முறையாக எனக்குத் தனியாகப் பிரிந்து கேட்டது. அதுவரை அந்தக் குரலை நான் கீபோர்டு ஓசை என்றே எண்ணியிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எல்லோர் வீட்டிலும் ஐந்து ஸ்பீக்கர்கள் இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இவ்வளவு அக்கறையைக் காட்டியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

தாழம்பூ எழுதியது:

நான் இசை நுணுக்கம் அறிந்தவள் அல்ல. எண்பதுகளின் பாடல்களில் எனக்குத் தெரிந்தவையும் நான்கைந்துதான். இந்த ஆல்பத்தை எந்தப் பின்னணியும் தெரியாமல் கேட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் தந்தை நினைவிழந்துகொண்டிருந்த இரண்டாண்டுகளில், சமையலறையில் கைபேசியை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து, கிடைத்ததைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது என் வழக்கம். ஒருநாள் அவருக்குக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது, யார் பாடுவது என்றுகூடத் தெரியாத ஒரு மென்மையான ஆண் குரல், எதிரில் இருப்பவரிடம் கெஞ்சுவதுபோல் பாடியது. முந்தைய நாள் மாலை நான் வைத்துவிட்டு வந்த காபியை அவர் தொடாமல், ஆடை படிந்த தம்ளரைப் பார்த்தபடியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பாடல் ‘ப்ளீஸ் பீ ஹேப்பி’ என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதன்பின்தான் தேடிப் படித்தேன். ஒர்ஸபாலின் மனைவி கரோலின், பதின்ம வயதிலிருந்தே அவருடன் இருந்தவர், நெடுநாள் நோயுற்றிருந்து 2017-இல் மறைந்தார். அவர் தம் கண்முன்னே மங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒர்ஸபால் எழுதிய பாடல் அது. ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாடலும், மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரைப் பார்த்தபடி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அவர் எந்தக் கணத்தில் கடந்து போனார் என்று கேட்பதுதான்.

ஆக, பின்னணி தெரிந்தால்தான் இந்த ஆல்பம் பிடிக்கும் என்று சிலர் வேறு இழைகளில் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. எனக்கு முதலில் பாடல்தான் வந்தது. செய்தி பின்னால்தான் வந்தது.

பின்னிரவு வானொலி எழுதியது:

தாழம்பூ அவர்களே, நீங்கள் எழுதியதைப் படித்தபின் உடனே பதில் எழுத இயலவில்லை. உங்கள் தந்தையை நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்ன பாடலிலேயே என் வாதத்தின் ஆணிவேர் இருக்கிறது. ‘ப்ளீஸ் பீ ஹேப்பி’யை எழுதியவர் ஒர்ஸபால், பாடியிருப்பவர் ஸ்மித். தன்னால் அதைப் பாட முடியாது என்று நண்பரிடம் கொடுத்துவிட்டார். இது அவர்களுக்குப் புதிதல்ல. 1982-இல் வெளிவந்த ‘மேட் வேர்ல்ட்’ பாடலை எழுதியவரும் ஒர்ஸபால்தான்; பாடியவர் ஸ்மித். ஒர்ஸபாலின் குரலில் எப்போதும் ஒரு வீறு இருக்கும்; அவர் துயரத்தைப் பாடினால் அது முறையீடாகிவிடும். ஸ்மித்தின் குரல் சற்றுத் தள்ளி நின்று பேசும். பாதிக்கப்பட்டவனின் நண்பன் வாசலில் நின்று, உள்ளே நடந்ததை நமக்குத் தணிந்த குரலில் சொல்வதுபோல் இருக்கும். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்த ஏற்பாடு அப்படியே வேலை செய்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ‘தி ஹர்ட்டிங்’ ஆல்பத்தில் ‘சஃபர் தி சில்ட்ரன்’ என்று ஒரு பாடல் உண்டு. அதில் குழந்தைபோல் ஒலிக்கும் ஒரு பெண் குரல் கேட்கும். அது கரோலினின் குரல். இதை அறிந்தபின் அந்தப் பழைய ஆல்பத்தையும் இந்த ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

அரைத்தாளம் எழுதியது:

ஆல்பத்தின் பெயர்ப் பாடலைப் பற்றி ஒருவரும் விரிவாகப் பேசவில்லையே என்று நானே வந்தேன். மிருதங்கம் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவன் என்பதால் என் கை தானாகவே தாளத்தைத் தேடும்.

இவர்களுடைய பழைய ‘எவ்ரிபடி வாண்ட்ஸ் டு ரூல் தி வேர்ல்ட்’ பாடலுக்குத் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும். நம் திஸ்ர நடை, தகிட தகிட என்று உருண்டோடும். அந்த உருளல்தான் பாடலுக்குக் காரில் போகிற சுகத்தைக் கொடுக்கிறது; பேசுகிற பொருள் அதிகார வெறி என்பதையே மறக்கடிக்கிறது. ‘தி டிப்பிங் பாயிண்ட்’ பாடலும் அதே மூன்றின் நடையில்தான் போகிறது. அவர்களை உலகப் புகழுக்குக் கொண்டுபோன அதே நடையில், ஒரு மரணப் படுக்கையின் பக்கத்தில் நடக்கிறார்கள். நடை கொண்டாட்டத்தின் நடை, பொருள் இழவின் பொருள். நம் ஊரில் பறையடித்து ஆடிக்கொண்டு சாவு ஊர்வலம் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் விசித்திரமாகப் படாது.

இது தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 2024 அக்டோபரில் வெளிவந்த ‘சாங்ஸ் ஃபார் எ நெர்வஸ் பிளானட்’ தொகுப்பின் மேடைப் பதிவில் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ‘நோ ஸ்மால் திங்’, அடுத்து ‘தி டிப்பிங் பாயிண்ட்’, அதை ஒட்டியே ‘எவ்ரிபடி வாண்ட்ஸ் டு ரூல் தி வேர்ல்ட்’. புதிய பாடலையும் பழைய பாடலையும் அருகருகே உட்கார வைத்து, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காட்டிவிட்டார்கள். பழைய பாடலுக்காகக் காத்திருக்கும் ரசிகர்கள் கழிப்பறைக்குப் போகும் நேரமாகத்தான் மூத்த குழுக்களின் புதிய பாடல்கள் பெரும்பாலும் ஆகிவிடுகின்றன. இவர்கள் புதியதை வைத்தே நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள்.

கடற்கரைச் சாலை எழுதியது:

எல்லோரும் 1985-ஐயும் 2022-ஐயும் ஒப்பிடுகிறீர்கள். நடுவில் 2004-இல் வந்த ‘எவ்ரிபடி லவ்ஸ் எ ஹேப்பி எண்டிங்’ ஆல்பத்தை ஏன் ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.

இசையமைப்பின் சாகசம் என்று பார்த்தால் அதுவே மேல் என்பேன். பீட்டில்ஸின் பிற்காலப் பாணியை உள்வாங்கிக்கொண்டு, ஒரே பாடலுக்குள் மூன்று பாடல்களை ஒளித்து வைத்து, எதிர்பாராத இடத்தில் கதவைத் திறந்துவிடுவார்கள். ‘க்ளோசஸ்ட் திங் டு ஹெவன்’ பாடலின் பல்லவிக்கு நிகரான ஒரு பல்லவி ‘தி டிப்பிங் பாயிண்ட்’டில் இருக்கிறதா என்று நண்பர்கள் மனச்சாட்சியோடு சொல்லட்டும். விற்பனை அதற்குக் கைகொடுக்கவில்லை, இதற்குக் கைகொடுத்தது. ‘தி டிப்பிங் பாயிண்ட்’ பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் அமெரிக்காவில் எட்டாம் இடத்தையும் பிடித்தது. ஆனால் அந்த எண்கள், ஆல்பத்தின் தரத்தைவிட, மூத்த குழுக்களின் மேல் இப்போது எழுந்திருக்கும் ஏக்கத்தைத்தான் அளக்கின்றன என்பது என் எண்ணம்.

கறார்க் காது எழுதியது:

எட்டாம் இடம் என்றதும் நினைவுக்கு வருகிறது: ‘தி சீட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பமும் அமெரிக்காவில் எட்டாம் இடத்தைத்தான் தொட்டது. ஆக, எண்ணை வைத்து இருபுறமும் வாதாடலாம்.

2004 ஆல்பத்தைப் பற்றி நண்பர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். அதில் அறிவு அதிகம், ஆபத்து குறைவு. கேட்டு முடித்தால் “எவ்வளவு கெட்டிக்காரர்கள்” என்று சொல்வோம். அதற்குமேல் ஒன்றும் தங்காது. இதில் நான் குறை சொன்ன பாடல்கள் உட்பட, ஏதோ ஒன்று பணயம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை தாழம்பூ அவர்களின் பதிவுக்குப் பிறகு மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘மாஸ்டர் பிளான்’ பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை.

நெய்தல் எழுதியது:

‘பிரேக் தி மேன்’ பாடலைப் பற்றிப் பேசாமல் இந்த இழையை முடித்துவிடாதீர்கள். ஸ்மித் தம் இசைக்கூட்டாளி சார்ல்டன் பெட்டஸுடன் எழுதியது. ஆணாதிக்கத்தை உடைக்கும் வலிமையுள்ள ஒரு பெண்ணைப் பற்றியது. 1989-இல் ‘உமன் இன் செயின்ஸ்’ பாடியவர்கள், 33 ஆண்டுகளுக்குப் பின் அதே பொருளுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பெரிது. ‘உமன் இன் செயின்ஸ்’ பாடலில் பெண்ணின் துயரத்தை ஓர் ஆண் விவரித்துக்கொண்டிருக்கும்போதே, ஒலீட்டா ஆடம்ஸின் குரல் உள்ளே வந்து அவர் கையிலிருந்து பாடலை வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஒரு விடுதி மதுக்கூடத்தில் பியானோ வாசித்துப் பாடிக்கொண்டிருந்தவரை இவர்கள் 1985-இல் கேட்டு, பின்னர் தேடிப் போய் அழைத்து வந்தார்கள் என்பது அனைவரும் அறிந்த கதை. பிரச்சினையைப் பேச, பிரச்சினையை உணர்ந்த ஒரு குரலைக் கொண்டுவந்தார்கள். டிரம்ஸுக்குப் புகழ்பெற்ற டிரம்மரும் பாடகருமான ஃபில் காலின்ஸே வந்தார். ‘பிரேக் தி மேன்’ பாடலில் நல்ல கருத்து இருக்கிறது, நல்ல மெட்டு இருக்கிறது. அந்த இரண்டாவது குரல் இல்லை. நிறைய நேரம் அது பாராட்டுப் பத்திரம் வாசிப்பதுபோல் கேட்கிறது. பின்னிரவு வானொலியின் வாதத்துக்கு இதையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாம்: அவரவர் பாடலை அவரவரே பாடிய இடம் இது.

இன்னொரு செய்தி. ‘தி சீட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பமும் எழுதுவதும் கிழிப்பதுமாக, தயாரிப்பாளர்கள் மாறி மாறி, பத்து லட்சம் பவுண்டுக்குமேல் விழுங்கிய பிறகுதான் வெளிவந்தது. ஆகவே பதிவு செய்ததைத் தூக்கிப் போடுவது இவர்களுக்கு முதுமையில் வந்த பழக்கமல்ல. இளமையிலேயே இருந்தது.

ஒலிப்பேழை எழுதியது:

நெய்தல் சொன்னது சரி. அந்த இரண்டாவது குரலை இந்த ஆல்பத்தில் தேடுபவர்கள் ‘லாங், லாங், லாங் டைம்’ பாடலைக் கேட்கவேண்டும். பாடகி கரினா ரவுண்டின் குரல் அங்கே செய்யும் வேலை, ஒலீட்டா செய்ததற்கு இணையில்லை என்றாலும், அதன் தங்கை என்று சொல்லலாம்.

கடற்கரைச் சாலை எழுதியது:

கடைசிப் பாடலைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ‘ஸ்டே’ புதிய பாடல் அல்ல. 2017-இல் வந்த ‘ரூல் தி வேர்ல்ட்’ என்ற சிறந்த பாடல்களின் தொகுப்பிலேயே வந்துவிட்டது. ஐந்தாண்டு பழைய பாடலைக் கொண்டுவந்து ஆல்பத்தை முடித்து வைப்பது, கல்யாண விருந்தில் கடைசிப் பந்திக்கு நேற்றைய பாயசத்தைப் போடுவதுபோல் இருக்கிறது. அதை நடுவில் எங்காவது வைத்துவிட்டு, ‘ரிவர்ஸ் ஆஃப் மெர்சி’யோடு முடித்திருந்தால் ஆல்பத்தின் முகமே மாறியிருக்கும். அந்த அளவுக்கு ஒரு தேவாலயப் பிரார்த்தனையின் அமைதி அந்தப் பாடலில் இருக்கிறது.

பின்னிரவு வானொலி எழுதியது:

பாயசம் உவமையை ரசித்தேன். வழக்கை ஏற்கத் தயங்குகிறேன். ‘ஸ்டே’ பாடலை ஸ்மித் எழுதியது, இந்தக் குழுவில் தங்குவதா, விலகுவதா என்று தமக்குள் ஊசலாடிக்கொண்டிருந்த நாட்களில். 2017-இல் கேட்டபோது அது விடை தெரியாத கேள்வி. அதே பாடலை 2022-இல், இருவரும் சேர்ந்து எழுதிய ‘நோ ஸ்மால் திங்’கில் தொடங்கும் ஆல்பத்தின் கடைசியில் வைத்துக் கேட்கும்போது, கேள்விக்கு விடை ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. ஒன்பது பாடல்களைக் கடந்து வந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம்.

இருந்தாலும் உங்கள் யோசனையைச் சோதித்துப் பார்க்காமல் மறுப்பது முறையல்ல என்பதால், நேற்றிரவு வரிசையை மாற்றினேன். ‘ஸ்டே’ நான்காவதாக, ‘ரிவர்ஸ் ஆஃப் மெர்சி’ பத்தாவதாக. முடிவு நீங்கள் சொன்னதுபோல் மிக அழகாகவே இருந்தது. ஆனால் நான்காவது இடத்தில் ‘ஸ்டே’ வந்தபோது, யாரோ பயணத்தின் நடுவிலேயே பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பதுபோல் இருந்தது. அடுத்த மூன்று பாடல்களிலும் என் கவனம் அந்தப் பெட்டியின்மேலேயே இருந்தது. காலையில் பழைய வரிசைக்கே மாற்றிவிட்டேன்.